நுரையைக் கூண்டில் ஏற்றுகிறவருக்கு

கள்ளில் நுரை பொங்கினால் மருந்து கலந்திருக்கிறது என்று பொருளாம். பீரைப் போல அதைப் பாட்டிலில் அடைத்து விற்கவும் முடியாதாம். ஆகவே தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்கு வந்த தடை அப்படியே இருக்கட்டுமாம். இப்படி எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கள் இறங்குகிற தோப்பை எட்டிப் பார்த்தவர் எவரும் இதை எழுதமாட்டார்.

பாளையைச் சீவி முட்டி கட்டியதுமே பாளையிலும் காற்றிலும் பழைய முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய முட்டியைக் காதருகே கொண்டுபோனால் சுர்ரென்று சத்தம் கேட்கும். வாய்விளிம்பில் வெள்ளையாய் நுரை கட்டியிருக்கும், அதில் தேனீ விழுந்து கிடக்கும். அது கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோஸ் முழுக்க நொதித்தால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி வாயுவாக வெளியேறும்போது நுரைக்காமல் என்ன செய்யும்? பீரில் இருப்பதும் இதே வாயுதான். ஆலைகளில் பெரும்பாலும் அதை அழுத்தம் கொடுத்து ஏற்றுகிறார்கள். ஏற்றியதைத் தரம் என்றும் தானாக ஊறியதைக் கலப்படம் என்றும் எழுதுவது வடிகட்டிய அறியாமை.

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் அடங்கி, நுரையில்லாத தெளுவு கிடைக்கும். நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த சேதி இது. குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்ற கயவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை. நுரையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது நேர்மையாகத் தொழில் செய்கிற மரமேறியைக் குற்றவாளியாக்கும் வேலை.

பாட்டில் விஷயத்துக்கு வருவோம். அன்றிறக்கிய கள்ளை இறுக மூடினால் பாட்டில் வெடிக்கும், உண்மை. லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடிய பானம் அது. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள், நொதித்து அடங்கிய பிறகு லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து மூடி, ஓரிரு வாரம் வைத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, வேண்டிய வாயுவை உள்ளேயே உண்டாக்கும். அளவு தப்பினால் அவர்கள் பாட்டிலும் வெடிக்கும். அதற்காக யாரும் பீரைத் தடைசெய்யச் சொல்லவில்லை. கள்ளையும் நொதித்து அடங்கவிட்டு, வடிகட்டி, மூடி, 60 டிகிரிச் சூடு காட்டினால் ஈஸ்டும் புளிப்பேற்றும் பாக்டீரியாவும் ஒடுங்கும். 1860-களில் பாஸ்டர் ஒயினுக்குக் காட்டிய வழிதான். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. முடியாது என்று எழுதுமுன் கட்டுரையாளர் அதையாவது விசாரித்திருக்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் கேரளத்துச் சித்தூர். அதே தென்னை, அதே பாளை, அதே நுரை. அங்கே கள்ளுக்கு உரிமம் பெற்ற கடை இருக்கிறது, ஆல்கஹால் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மரமேறி மேல் வழக்கு, 42.8 சதவீத பிராந்தியையோ டாஸ்மாக்கில் அரசே விற்கிறது. இந்த அநியாயத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கலப்படம்தான் அவர் கவலை என்றால், ஒவ்வொரு வட்டத்திலும் கள்ளைச் சோதிக்க ஆய்வகம் கேட்டு எழுதட்டும்; செ. நல்லசாமியின் கள் இயக்கத்தோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன்.