பதினோராம் மணி வேளையில்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் சகோதரி ஒருவர் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். 19 வயதில், தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது, கல்லூரிப் படிப்பை நிறுத்தியவர். ஐந்து ஆண்டுகள் அவரைப் பராமரித்து, அடக்கம்பண்ணி, மறுபடியும் கல்லூரியில் சேர்ந்து, 27 வயதில் வணிகவியல் பட்டம் பெற்றார். "ஐயா, வேலை பழக ஓர் இடம் கிடைத்தால் போதும், பிறந்த தேதியைப் பார்த்தவுடனே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்" என்றார்.

2024 அக்டோபரில் மத்திய அரசு முன்னோடியாகத் தொடங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலர் அறிவீர்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞருக்கு, நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி அளிப்பது தொடக்கத்தில் அதன் நோக்கமாயிருந்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கமே, குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட வயது வரம்பு 21 முதல் 24. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டலாகாது என்பது அப்போதைய இன்னொரு விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கதவைத் திறந்துவிட்டு, அந்த வீடுகளிலேயே அதிகம் நேரிடுகிற தாமதத்தைக் காரணங்காட்டி அதை மூடுகிறோம். நோய், கடன், தம்பி தங்கையின் படிப்பு, சீக்கிரத்தில் முடித்துவைத்த கலியாணம் ஆகியவை யாருடைய வீட்டில் படிப்பை நிறுத்துகின்றன?

எங்கேயாவது எல்லை வகுக்கத்தானே வேண்டும் என்பீர்கள். மெய்தான். பிறந்த ஆண்டிலிருந்து எண்ணாமல், பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து எண்ணலாமே!

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கூலியைப் பற்றியே பேசினேன். இந்த வாரம் வேறோர் இடத்தில் என் கண் நின்றது. பொழுது சாயும் வேளையில் வீட்டெஜமான் மறுபடியும் கடைத்தெருவுக்குப் போகிறார். நிற்கிறவர்களிடம் காரணம் விசாரிக்கிறார். தங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்கிறார்கள். காலையில் எங்கே போயிருந்தீர்கள் என்று அவர் துருவவில்லை. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

உங்களில் கடையும் அலுவலகமும் பள்ளியும் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். மருத்துவமனைக் கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் ஐந்து ஆண்டுகள் சமாளித்த ஒருவருக்குக் கணக்கெழுதக் கற்பிப்பது அவ்வளவு கடினமாயிராது.

இதை எழுதும்போதே என் முகம் வாடுகிறது. சென்ற ஆண்டு நம் சபை அலுவலகப் பயிற்சியாளருக்கான அறிவிப்பில் "25 வயதுக்குட்பட்டவர்" என்று அச்சிட்டோம். கையெழுத்திட்டவன் நானே. ஏன் அந்த எண் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வருகிற கமிட்டிக் கூட்டத்தில் அந்த வரியை நீக்கும்படி கேட்கப்போகிறேன். அந்தச் சகோதரியிடமும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறேன்.