பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

ஈஸ்டர் தீவுச் சிலைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மொத்தம் 900-க்கு மேல். பெரும்பாலானவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கின்றன. பெயர் மோஆய். (நம் மோவாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், தாடை எடுப்பாகத்தான் இருக்கிறது!)

இதெல்லாம் வேற்றுக்கிரகவாசிகளின் கைங்கரியம் என்று 1968-ல் எரிக் வான் டேனிகன் கிளப்பிவிட்டார். அதை விடுங்கள், சிரித்துவிட்டுப் போகலாம். படித்தவர்கள் சொல்லும் கதைதான் ஆபத்தானது. மரத்தையெல்லாம் வெட்டிச் சிலையை உருட்டினார்கள், பட்டினியில் அடித்துக்கொண்டு செத்தார்கள், ஆகவே மகாஜனங்களே மரம் நடுங்கள்! 2005-ல் ஜேரெட் டயமண்ட் 'கொலாப்ஸ்' புத்தகத்தில் எழுதிய பிறகு இது வேதவாக்காகிவிட்டது.

மரங்கள் அழிந்தது நிஜம். பனங்கொட்டைகளைத் தின்று தீர்த்ததில் எலிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால், மனிதர்கள் அழியவில்லை ஸார். வயலில் கல்லைப் பரப்பி, ஈரம் காத்து, சர்க்கரைவள்ளி பயிர் செய்தார்கள். தீவின் 15 முன்னோர்களின் எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ-வை ஆராய்ந்து, 1600-களில் ஜனத்தொகை சரிந்த தடயமே இல்லை என்று 2024-ல் 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்கள். சிலைகள் 'நடந்து' வந்தன என்று தீவுக்காரர்கள் காலங்காலமாகச் சொன்னார்கள். யார் கேட்டது? 2012-ல் ஹன்ட், லிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள், நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையை 18 பேரை வைத்துக் கயிறு கட்டி இப்படியும் அப்படியும் ஆட்டி நடக்கவைத்துக் காட்டினார்கள். உருட்ட ஒரு கட்டைகூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் அழித்தது யார்? 1862-ல் பெருவிலிருந்து கப்பல்கள் வந்தன. சுமார் 1,500 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும்பாலானோர் அங்கேயே செத்தார்கள். திரும்பிய கொஞ்சநஞ்சம் பேரோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. 1877-ல் எண்ணிப் பார்த்தால் தீவில் மிச்சம் 111 பேர். ரோங்கோரோங்கோ எழுத்துப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அதை இன்றுவரை ஒருத்தராலும் படிக்க முடியவில்லை. டயமண்டும் இந்த ஆள்பிடிப்பைக் குறிப்பிடுகிறார்தான். ஆனால், அவர் சொல்லவந்த நீதிக்கு அது தோதுப்படவில்லை.

1888-ல் சிலி நாடு தீவைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் ஆட்டுப்பண்ணைக் கம்பெனி. ஆடுகளுக்குத் தீவு, ஆட்களுக்கு ஹங்கா ரோவா என்ற ஒரே ஊர், சுற்றி வேலி! 1953 வரை கம்பெனி ராஜ்ஜியம். முழுக் குடியுரிமை கிடைத்ததே 1966-ல்தான்.

இதில் பிரிட்டிஷ்காரர் பங்கும் உண்டு. 1868-ல் 'டோபாஸ்' கப்பல்காரர்கள் ஹோவா ஹக்கனனாயா என்ற சிலையை ஏற்றிப் போய் விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார்கள். அவர் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெயருக்குத் 'திருடப்பட்ட நண்பன்' என்றும் ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். 2018-ல் தீவின் பெண் கவர்னரே லண்டனுக்குப் போய், கண்ணீர் விட்டுக் கேட்டுப் பார்த்தார். சிலை இன்னும் லண்டனில்தான் நிற்கிறது.