‘அப்பா சொன்னார், சேர்ந்தேன்’

கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளைப் பெற்றோர் மாலையோடு அழைத்துவரும் தலம் திருவிடந்தை. மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் படூரும் கேளம்பாக்கமும் கல்லூரி மாணவர்களால் நிறைந்திருக்கின்றன. துணையைப் போலவே படிப்பையும் குடும்பம் கூடித் தேர்ந்தெடுப்பதே நம் ஊர் வழக்கம். பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறிய பிறகும் பல வீடுகளில் விருப்பப் பட்டியலை நிரப்புவது மாமாவோ பிரவுசிங் சென்டர்க்காரரோதான்.

‘நான் யார், என்னவாகப் போகிறேன்’ என்ற கேள்வியை இளையோர் மூன்று விதமாக எதிர்கொள்கிறார்கள் என்று 1989இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் பெர்சோன்ஸ்கி. சிலர் விசாரித்து, எடைபோட்டு முடிவெடுப்பார்கள். சிலர் பெரியவர்கள் காட்டிய வழியை ஏற்பார்கள். மற்றவர்கள் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் இரு சாராருக்கும் எடுத்த முடிவில் பிடிப்பு உண்டு. மூன்றாமவருக்கு அது குறைவு, படிப்பைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் திறனும் தளர்ந்திருக்கும் என்பதே பிற்கால ஆய்வுகளின் பொதுப்போக்கு.

ஆகவே குடும்பம் சொன்ன படிப்பில் சேர்வதே கேடு என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தனதாக்கிக்கொண்டு முன்னேறியவர்கள் ஏராளம். என் கவலை வேறு. ‘அப்பா சொன்னார், சேர்ந்தேன்’ என்று இருவர் சொல்கிறார்கள். ஒருவர் அப்பாவின் முடிவை மனதார ஏற்றவர். இன்னொருவர் முடிவெடுக்கும் பாரத்திலிருந்து தப்பியவர். வீட்டுக்கு இருவரும் ‘நல்ல பிள்ளை’தான். இரண்டாமாண்டில் அரியர் சேரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. அப்போது அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம். வருகைப்பதிவைக் கெடுபிடியாக்குவதும் விடுதியில் செல்போனைப் பிடுங்குவதும் இதற்கு மருந்தாகாது. எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரியாதவரிடம் எப்படிப் படிப்பது என்ற அட்டவணையைக் கொடுத்து என்ன பயன்?

விசாரித்து முடிவெடுப்பதற்கு விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்த பிராஞ்சே அங்கே கிடைக்கும் ஒரே தகவல். 2022இல் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்தக் குறையைத் தீர்க்க எடுத்த நல்ல முயற்சி. ஆனால் திறன் வகுப்போடு அது நின்றுவிடக்கூடாது. சீனியர்களிடமும் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களிடமும் முதலாண்டிலேயே மாணவர் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

பிராஞ்ச் மாறும் விதியையும் திருத்த வேண்டும். பல கல்லூரிகளில் முதலாண்டு மதிப்பெண்ணையும் காலியிடத்தையும் வைத்தே அதற்கு அனுமதி தருகிறார்கள். ஒவ்வாத படிப்பில் மாட்டி மதிப்பெண் இழந்தவருக்கு, அந்த மதிப்பெண்ணைக் காட்டியே கதவு அடைபடுகிறது.