கோடைக்கு ஒரு பாடல் பட்டியல்

ஏப்ரல் பிறந்ததும் பெங்களூருவின் விடுதி அறைகளில் மாணவர்கள் தமக்குப் பிடித்த பாடல்களைத் தொகுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். இளையராஜாவை அடுத்து மல்லிகார்ஜுன் மன்சூர் பாடிய கன்னட வசனம், அதனை அடுத்து ஒரு ஜாஸ் இசைத்துணுக்கு என அவை கலந்து வரும். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால், மொழி எளிதில் எல்லைக்கோடாகிவிடும் ஒரு நகரில், ஒருவர் தேர்ந்து மற்றொருவருக்குத் தரும் கலவைப் பட்டியல் ஒரு பண்பாட்டுச் செயல்.

இந்நகரின் கோடைக்கு இது புதிதன்று. 1939ஆம் ஆண்டு எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி, ராமநவமியை ஒட்டிச் சாமராஜபேட்டையின் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் நெடுங்காலமாக இசைவிழா நடத்திவருகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியும் பீம்சேன் ஜோஷியும் பாடிய பந்தல் அது. கர்நாடக இசைக்காக வந்து பழகியவர் இந்துஸ்தானி இசையையும் அங்கேயே கேட்க நேர்ந்தது. தாம் தேர்ந்தெடுக்காத ஒன்றைப் பொறுமையுடன் கேட்கும் பயிற்சியை அப்பந்தல் அளித்தது.

கச்சேரியே ஒரு கலவைதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த அமைப்பில் வர்ணம், கீர்த்தனைகள், இறுதியில் துக்கடா என்று பல மொழிகளும் பல வடிவங்களும் இடம்பெறுகின்றன. ஆயினும் அந்த வரிசை நடுநிலையானதன்று. தமிழ்ப் பாடல்கள் துக்கடாவாகவே ஒதுக்கப்படுகின்றன என்ற மனக்குறை தமிழிசை இயக்கத்தின் உந்துதல்களுள் ஒன்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதே ஒரு தீர்ப்பு. பட்டியல் தொகுப்பவர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அத்தகைய தீர்ப்பை வழங்குகிறார்.

இன்றைய இசைச் செயலிகள் பலவும் கணக்குத் தொடங்கும்போதே பயனர் விரும்பும் மொழிகளைக் கேட்கின்றன. பின்னர், கேட்டதைப் போன்றதையே மேலும் தருகின்றன. செயலியும் புதியனவற்றை அறிமுகப்படுத்துகிறதே என்று வாதிடலாம், அது உண்மையே. ஆனால் ஒரு பாடலை ஏன் தந்தது என்று அதனிடம் வழக்காட இயலாது. நண்பரிடம் இயலும். அந்த வழக்காடலில்தான் ரசனை வளர்கிறது.

1991இலும் 2016இலும் காவிரிச் சிக்கல் வன்முறையாக வெடித்தபோது இந்நகரில் தமிழர்கள் தாக்குதலுக்கு உள்ளாயினர். அவர்களது உடைமைகளும் எரிந்தன. பாடல் பட்டியல் நதிநீர்ப் பூசலைத் தீர்க்காது. அப்படிக் கூறுவது மிகையாகும். எனினும் இரு மொழிகளின் இசை வரலாறுகள் பிரிக்கவொண்ணாதவை என்பதை அது நினைவூட்டும். கன்னடத் திரையிசையின் முன்னோடி ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் குரல் தந்த பி.பி. ஸ்ரீநிவாஸின் தாய்மொழி தெலுங்கு. சென்னையில் இசை பயிலும் குழந்தை முதலில் பாடும் மலஹரி கீதங்கள் புரந்தரதாசருடையவை எனப் போற்றப்படுபவை. இஸ்லாமியராகப் பிறந்து, கோவிந்த பட்டரைக் குருவாக ஏற்ற சிசுநாள ஷரீபின் கன்னடப் பாடல்களைச் சி. அஷ்வத் மெல்லிசையாகவும், ரகு தீட்சித் ராக் இசையாகவும் பாடியிருக்கின்றனர்.

ஆகவே இக்கோடையில் பட்டியல் பகிர்வோர் இரண்டு நெறிகளைக் கைக்கொள்ளலாம். பெறுபவருக்குத் தெரியாத மொழியில் ஒரு பாடலேனும் இருக்கட்டும். அதுவும் கடைசியில் ஒட்டாக அன்றி நடுவில் இருக்கட்டும். ஒவ்வொரு பாடலுக்கும் அது ஏன் அங்கே உள்ளது என்று ஒரு வரி எழுதப்படட்டும். காரணத்துடன் வரும் பாடலை மறுப்பதற்கும் முதலில் அதைக் கேட்டாக வேண்டும்.