இருட்டினால் சுரப்பது



மெலடோனின் மாத்திரை போட்டுக்கொண்டால் வயதானாலும் மறதி அண்டாதாமே, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தத் தூக்க ஹார்மோனின் கதை கேட்கத் தகுந்தது.

1917இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் மாட்டின் பீனியல் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் தோல் வெளுத்துப்போனது. இதைப் படித்த யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், வெண்புள்ளிக்கு மருந்து கிடைக்குமா என்று மாட்டுச் சுரப்பிகளை மூட்டை மூட்டையாக வாங்கி வடித்தெடுத்தார். 1958இல் கையில் சிக்கியது மெலடோனின். வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு தோல் மருத்துவர் வழி திறந்துவிட்டார்!

நம் மூளையின் நடுவில் அரிசி மணியளவே இருக்கும் இந்தப் பீனியல் சுரப்பி, இருட்டியதும் மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போகும். வயது ஏற ஏறச் சுரப்பு குறையும். அல்சைமர் நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் அதே வயதுக்காரர்களைவிடவும் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

காரணமாக இருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எரிக்கிறது. அந்த எரிப்பில் உண்டாகும் ஃப்ரீ ராடிகல்கள் செல்களை அரிக்கும். அவற்றில் மிக மூர்க்கமான ஒன்றை மெலடோனின் அடக்குகிறது என்று 1993இல் டெக்ஸாஸில் ரஸ்ஸல் ரைட்டர் குழுவினர் ஆய்வகத்தில் காட்டினார்கள். தூக்கமே ஒரு துப்புரவுப் பணி என்பதற்கும் சான்று கிடைத்தது. எலிகள் உறங்கும்போது மூளை செல்களுக்கிடையே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிந்து, அல்சைமர் நோயில் தேங்கும் அமிலாய்டு கசடு வேகமாக வெளியேறியதை மைக்கன் நெடர்கார்ட் குழு 2013இல் வெளியிட்டது.

இவையெல்லாம் சோதனைக் குழாயிலும் எலியிலும் கண்டவை. 2003இல் அமெரிக்காவில் 157 அல்சைமர் நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையில், மாத்திரையால் தூக்கம்கூடக் குறிப்பிடும்படி கூடவில்லை. கனடாவில் கடைச்சரக்கு 31 வகைகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டிருந்த அளவில் கால் பங்குகூட இல்லாததும் இருந்தது, கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருந்ததும் இருந்தது. டாக்டரைக் கேட்காமல் இதை எப்படி விழுங்குவது?

சொந்தச் சரக்கைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. பாஸ்டனில் 12 பேரை, ஐந்து இரவு ஐபேடிலும் ஐந்து இரவு மங்கலான விளக்கில் அச்சுப் புத்தகத்திலும் வாசிக்கச் சொன்னார்கள். ஐபேட் இரவுகளில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. மறுநாள் அது சுரக்கும் நேரமும் ஒன்றரை மணி தள்ளிப்போனது. அச்சுப் புத்தகம் படித்த இரவுகளில் அந்தக் கோளாறு இல்லை. பத்திரிகை நடத்துகிற எனக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் எழுதித் தருவார்கள்? விளக்கை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்