பாதியில் நிற்கும் சிகிச்சை

120 கிலோ எடையோடு மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த ஒருவர், பேரியாட்ரிக் என்னும் உடற்பருமன் அறுவையினாலோ, மருந்தினாலோ, மனவுறுதி ஒன்றையே துணையாகக் கொண்ட பத்தியத்தினாலோ இரண்டு வருஷங்களில் 50 கிலோவைக் குறைத்துவிட்டாரென்றால், அவரை நம் ஜனங்கள் எதிர்கொள்ளும் விதம் விசித்திரமானது. எதிர்ப்படுகிறவர்களில் பாதிப்பேர் "சர்க்கரை வந்துவிட்டதா?" என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள், மீதிப்பேர் பழைய புகைப்படத்தையும் புதிய புகைப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து மெச்சுவார்கள். இரு சாராரும் பார்ப்பது உடுத்திய உடம்பை. உடைக்குள்ளே அடிவயிற்றிலிருந்து தொடைவரை மடிந்து தொங்கும் தோலையும், கையைத் தூக்கினால் புஜத்தின் கீழே துவண்டு ஆடும் தோலையும் பற்றி அவராகச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்தப் பரஸ்பர சங்கோசத்தின் மறைவிலேதான் நம் காப்பீட்டு விதிகளும் வரிச்சட்டமும் ஓர் அநியாயத்தை அமைதியாகச் செய்துகொண்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் நார். இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் குணத்தைத் தருவது எலாஸ்டின் என்னும் மற்றொரு நார். ஒன்பது மாதம் விரிந்த தாயின் வயிறு பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிக்கொள்வதற்கு இவ்விரண்டின் நல்ல நிலைமையே காரணம். ஆனால், பத்து இருபது வருஷங்கள் ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருந்த தோலில் இந்நார்கள் நைந்தும் அறுந்தும் போய்விடுவதால், உள்ளிருந்த கொழுப்பு கரைந்த பின்னும், நெல்லைக் கொட்டிவிட்ட கோணிப்பையைப் போல அது தன் பழைய அளவை விடுவதில்லை. வயது ஏறியவர்களுக்கும், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும், நெடுங்காலம் பருமனாய் இருந்தவர்களுக்கும் இது மிகுதி. களிம்பு தடவினால் சரியாகும், எண்ணெய் தேய்த்து நீவினால் இறுகும், தண்டால் எடுத்தால் ஏறிக்கொள்ளும் என்று சொல்லுகிறவர்களுக்குக் குறைவில்லை. தேகப்பயிற்சி தோலுக்குக் கீழேயுள்ள தசையை வளர்க்கும், அது நல்லதே. நார் அறுந்த தோலைச் சுருக்கும் சக்தி அதற்கும் இல்லை, களிம்புக்கும் இல்லை.

இதனால் விளையும் துன்பங்களை அழகுக்குறை என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்கிவிடுபவர்கள் சித்திரை மாதத்துச் சென்னையையோ வேலூரையோ மறந்துவிட்டவர்கள். மடிப்புக்குள் வேர்வை தேங்குகிறது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் தோலோடு தோல் உராய்ந்து சிவந்து, கேண்டிடா முதலிய பூஞ்சைகள் குடியேறி, அரிப்பும் துர்நாற்றமும் வெடிப்பும் புண்ணுமாகிறது. களிம்பு போட்டால் ஆறும். நிறுத்தினால் பத்து நாளில் திரும்பும். ஏனெனில் நோய்க்கு இடம் கொடுக்கும் மடிப்பு அப்படியே இருக்கிறது. அடிவயிற்றுத் தோல் சிலருக்குப் பல கிலோ கனம் இருப்பதால், நடக்கும்போது முன்னால் இழுத்து இடுப்பை நோகச்செய்கிறது. கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்வதே பிரயாசையாகிறது. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி தொடையிடுக்கு உரசும் எரிச்சலினால் தடைப்படுகிறது. தாம்பத்தியத்தில் ஏற்படும் கூச்சத்தையும், ரவிக்கைக்கு அளவெடுக்கத் தையற்காரரிடம் போகவும் மனம் வராமல் பழைய தொளதொள ரவிக்கையையே ஊசிகுத்திப் போட்டுக்கொள்ளும் பெண்களின் வேதனையையும் நான் இங்கே விஸ்தரிக்கவில்லை. எடை குறைந்தால் உடம்பு தம் வசப்படும் என்று நம்பி அரும்பாடுபட்டவர்கள், அந்தப் பாட்டின் பலனாகவே கண்ணாடியைத் தவிர்க்கும் நிலைக்கு வந்து சேர்வது கொடுமையல்லவா?

இத்தோலை அறுத்தெடுக்கும் பிளாஸ்டிக் அறுவையே இதற்கு வழி. இனி, அதைப்பற்றிய விதிகளைப் பார்ப்போம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில், மருத்துவக் காப்பீட்டில் எவற்றுக்குப் பணம் தரவேண்டியதில்லை என்பதைத் தேசமுழுதும் ஒரே வாசகமாக வகுத்து வெளியிட்டது. அதில் உடற்பருமன் அறுவைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது: உடல்நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து இருதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கு அடங்காத நீரிழிவு போன்றவை சேர்ந்திருந்தாலும், பதினெட்டு வயது நிரம்பியவருக்கு அறுவைச் செலவு கிடைக்கும். (ஆசிய உடல்வாகுக்கு 27.5 என்ற எல்லையே போதும் என்று சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் 2022இல் சொல்லிவிட்டன. நம் விதிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.) அதே பட்டியலில் இரண்டு எண்கள் தள்ளி, ஒப்பனை அறுவைக்கும் பிளாஸ்டிக் அறுவைக்கும் பணம் இல்லை என்ற விலக்கு வருகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், நேரடியான, உடனடியான ஆரோக்கிய ஆபத்தை நீக்கும் அவசிய சிகிச்சைக்கும் மாத்திரம் அங்கே விதிவிலக்கு உண்டு.

ஆகவே, தொங்கும் தோல் காப்பீட்டின் உதவியைப் பெறவேண்டுமாயின் அது உடனடி ஆபத்தாக இருக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆறியும் ஆறாமலும் இருக்கும் மடிப்புப் புண் ஒருநாளும் உடனடி ஆபத்தாகாது; அதன் குணமே மெல்ல அரிப்பது. வரிச்சட்டமோ ஒருபடி மேலே போகிறது. மருத்துவ சேவைக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று விலக்களித்த 2017ஆம் வருஷத்து அறிவிக்கை, பிளாஸ்டிக் அறுவையை அந்த விலக்கிலிருந்து வெளியே நிறுத்தி, பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம், விபத்து ஆகியவற்றால் கெட்ட அங்கத்தைச் சீர்ப்படுத்துவதற்கு மட்டும் இடம் தருகிறது. நோயினாலும் அந்த நோய்க்குச் செய்த சிகிச்சையினாலும் கெட்ட அங்கத்துக்கு அப்பட்டியலில் பெயரே இல்லை. இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்குப் பணம் கொடுத்து, அந்த அறுவை வெற்றி பெற்றதன் இயல்பான விளைவை அலங்கார ஆசை என்று தள்ளுவது, சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதல்லாமல் வேறென்ன?

"தின்று கொழுத்தது அவர்கள் குற்றம், இளைத்தபின் சிங்காரமும் வேண்டுமோ?" என்று கேட்கும் குரல் நமக்குள் பலருக்கும் உண்டு. வெளியே சொல்லாவிட்டாலும், உள்ளே இருக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் சற்று மேற்பட்டோரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். ஒரு ராஜ்யத்தின் ஜனத்தொகையில் இவ்வளவு பெரிய பங்கைப் பெருந்தீனிக்காரர் என்று தள்ளிவிடுவது விவேகமாகுமா என்று அக்குரலுக்கு உரியவர்களே யோசிக்கட்டும். மேலும், தொங்கும் தோலை அறுத்தெடுக்கும் இந்த அறுவை நேற்று முளைத்த நாகரிகமும் அன்று. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹோவர்ட் கெல்லி என்ற ஸ்திரீ நோய் நிபுணர், ஒரு பெண்ணின் அடிவயிற்றில் தொங்கிய தோலையும் கொழுப்பையுமாக ஏழு கிலோவுக்கு மேல் அறுத்தெடுத்ததை 1899லேயே எழுதிவைத்தார். அவ்வளவு கனத்தைச் சுமந்து நடந்த ஒரு பெண்ணுக்குச் சிங்காரம் முதற்கவலையாய் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பிரேஸில் தேசத்து இவோ பிட்டாங்கியின் உதாரணம் எனக்கு இன்னும் உவப்பானது. 1960களில் வயிற்றுத் தோலை இறுக்கும் அறுவைமுறையை வளர்த்துப் பிரசித்தி பெற்ற அவர், உலகத்துச் செல்வர்களும் நடிகைகளும் தேடிவந்த வைத்தியர்; ஆயினும் ரியோ நகரத்தில் சாந்தா காசா என்னும் தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கென ஒரு பிரிவை நடத்தி, நூற்றுக்கணக்கான இளம் வைத்தியர்களை அங்கே பழக்கினார். 1961 டிசம்பரில் ரியோவுக்கு எதிர்க்கரையிலுள்ள நிட்டெராய் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, தீயில் வெந்து பிழைத்தவர்களுக்குச் சிகிச்சை செய்ய முன்வந்தவர்களில் அவர் முக்கியமானவர். வெந்த தோலை மாற்றிய கையே தொங்கும் தோலையும் திருத்திற்று. ஒன்று கருணை, மற்றொன்று டாம்பிகம் என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை. அவர் அளவுக்கு நாம் போகவேண்டுமென்பதுமில்லை. பிரான்ஸ் தேசத்தின் அரசாங்கக் காப்பீடு, வயிற்றுத் தோல் அந்தரங்க உறுப்பின் மேற்பகுதியை ஓரளவாவது மறைக்குமளவு தொங்கினால், முன் அனுமதியின் பேரில் செலவை ஏற்கிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடிய எளிய விதி. அதற்குக் குறைந்தவை சொந்தச் செலவு.

இவ்வளவு பரிந்து பேசும் நான், இவ்வறுவையைச் சுலபமான காரியமென்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும். நகரத்துப் பெருஞ்சாலைகளில் விளம்பரப் பலகைகள் காட்டும் வழுவழுப்பான வயிறு ஒருநாளும் இதன் முடிவு ஆகாது. வைத்தியர் தோலை எடுத்துக்கொண்டு தழும்பைத் தருகிறார், அதுதான் பேரம். வயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றொன்று வரை, சிலருக்கு முதுகையும் சுற்றி, ஒரு தழும்பு. புஜத்தில் செய்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை, அரைக்கைச் சட்டையில் மறையாத தழும்பு. நம்மவர் தோலில் சிலருக்கு அது தடித்துப் புடைத்தும் நிற்கும். வயிறு, தொடை, மார்பு, கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது உசிதமன்று. மாதக்கணக்கான இடைவெளியில் இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படலாம். நீர் கோப்பது, தையல் விட்டுக்கொள்வது, சீழ் பிடிப்பது, தோலின் விளிம்பு கருகுவது ஆகியவை அபூர்வமல்ல. கால் சிரையில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் உயிரைக் குடிக்கும் அபாயமும், சிறிதானாலும், உண்டு. ஆதலால் அறுவையன்றே எழுப்பி நடக்கவைப்பதும், இறுக்கமான உள்ளாடையை வாரக்கணக்கில் அணியச்செய்வதும் வழக்கம்.

அதைவிட முக்கியம், காலம் பார்ப்பது. எடை நிலைத்து மூன்று முதல் ஆறு மாதமாவது ஆகவேண்டும். பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்டவருக்கு இது பெரும்பாலும் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகே வாய்க்கும். குடலை மாற்றியமைத்தவர்களின் உடம்பில் புரதமும் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறைந்திருப்பது சகஜம். அவற்றைச் சரிக்கட்டாமல் கத்தி வைத்தால் புண் ஆறாது. புகைப்பவர் குறைந்தது நான்கு வாரமேனும் முன்னதாக விட்டுவிட வேண்டும். எடையைக் குறைப்பதற்கே இவ்வறுவையைச் செய்துதரும்படி கேட்டு வருகிறவரிடம் "இது அதற்கல்ல" என்று திருப்பியனுப்பும் வைத்தியரே நம்பத்தக்கவர். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் வேறு, தொங்கும் தோலை வெட்டியெடுப்பது வேறு. தோல் தளர்ந்தவருக்கு முன்னதை மட்டும் செய்தால் தொங்கல் அதிகப்படும்.

இந்தப் பிரச்சினை இனி மிகப்போகிறது என்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்கிறேன். டிர்செபடைடு என்னும் ஊசிமருந்து 2025 மார்ச்சிலும், செமாகுளுட்டைடு ஊசி எடைக்குறைப்புக்கென்றே அவ்வருஷம் ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பெரும் பரிசோதனைகளில் பின்னது சராசரியாக எடையில் சுமார் 15 சதவீதத்தையும், முன்னது உயர்ந்த அளவில் 20 சதவீதத்துக்குக் குறையாமலும் கரைத்தன. அறுவை மேஜைக்கு அஞ்சியவர்களும் வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு இளைக்கப்போகிறார்கள். மருந்தினால் கரைவதும் கொழுப்புதான். தோல் பின்தங்குவதும் அதே விதமாகத்தான். மருந்துக் கம்பெனிகள் தம் துண்டுப்பிரசுரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகையால், எடைக்குறைப்பு சிகிச்சையைத் தொடங்கும் நாளிலேயே, "இளைத்தபின் தோல் இப்படி ஆகக்கூடும், அதற்கு இன்ன வழி உண்டு" என்று வைத்தியர் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். எடை குறைந்த உற்சாகத்தில் இருப்பவர் திடீரென்று கண்ணாடிமுன் நின்று இடிந்துபோவதைவிட, முன்பே தெரிந்து தயாராயிருப்பது எவ்வளவோ மேல்.

அரசாங்கம் செய்யத்தக்கவை பெரியவை அல்ல. காப்பீட்டு ஆணையம் அந்த விலக்கு வாசகத்தில் விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று அடுக்கியிருக்கும் இடத்தில், "அங்கீகரிக்கப்பட்ட பருமன் சிகிச்சைக்குப் பின்" என்று சில சொற்களைக் கூட்டினால் போதும். ஏமாற்று நுழையுமென்ற பயமிருந்தால் நிபந்தனை வைக்கலாம்: எடை ஆறுமாதம் நிலைத்திருத்தல், மடிப்புப் புண்ணுக்கு மூன்று மாதமாவது சிகிச்சை செய்தும் தீராமை, தோல் தொங்கும் அளவைக் காட்டும் புகைப்படம், இரு வைத்தியரின் சான்று. வயிற்றுத் தசையை இறுக்குவதும் இடுப்பை வளைத்துச் செதுக்குவதும் கேட்பவர் அதற்கான பணத்தைத் தாமே கட்டட்டும். தொங்கும் தோலை அறுத்தெடுக்கும் பகுதிக்கு மட்டும் காப்பீடு பொறுப்பேற்கட்டும். வரி அறிவிக்கையிலும் இதே திருத்தம் வேண்டும்.

நம் ராஜ்யத்துக்கு இத்துறையில் ஆள்பலம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வெட்டுண்ட கைகளைத் திரும்ப இயங்கச்செய்வதற்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வளர்த்த பிளாஸ்டிக் அறுவைத் துறை தேசமெங்கும் பேர்பெற்றது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவை அறியாத தமிழர் குறைவு. பேரியாட்ரிக் அறுவையும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடந்துவருகிறது. அவ்வறுவை செய்துகொண்டவர் எடையைப் பரிசோதிக்க மறுபடி வரும் நாளில், அதே கட்டிடத்துப் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இச்சிகிச்சைக்குத் தெளிவாக ஒரு வரி ஒதுக்குவதும் ஓர் உத்தரவில் முடிகிற வேலைகள். இன்றைக்கு லட்சங்களில் செலவு சொல்லும் தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் பூஞ்சைக் களிம்பும் பவுடரும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், அந்த உத்தரவுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.