அருகில் உள்ள இன்பம்

விடுமுறை என்றவுடன் உதகையையும் கொடைக்கானலையும் நாடுகின்றோம். அச்செலவுக்கு வசதியற்ற மாணவரோ வீட்டிலேயே முடங்கி விடுகின்றனர். சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலை நிற்பதை இரு சாராரும் மறந்து போகின்றனர்.

வகுப்பறையில் ஐந்திணை பயில்கின்றோம். நம் ஊர் வயல்வரப்பு மருதம், மலையடிவாரக் காடு முல்லை, வெள்ளிமலை குறிஞ்சி. பாதி வழி பேருந்திலும் மீதி வழி கால்நடையாகவும் சென்றால், மூன்று திணைகளையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். வெள்ளாற்றுக்கு நீரூட்டும் கோமுகியும் மணிமுத்தாறும் இம்மலையிலேயே பிறக்கின்றன. தாம் பருகும் நீரின் பிறப்பிடத்தை அறியாதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று.

படகு வலித்தலும் அத்தகையதே. அம்பி, புணை, தோணி, பரிசல் என்னும் சொற்களை மனப்பாடம் செய்யும் நம்மில் துடுப்பைத் தொட்டவர் எத்தனை பேர்? வையைப் புனலாட்டைப் பாடும் பரிபாடல் நம்முடையது. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோல் போர்த்து வேட்டைக்குச் செலுத்திய ‘கயாக்’ என்னும் சிறுபடகு, இன்று உலகெங்கும் இளைஞர்களின் விளையாட்டாக மலர்ந்துள்ளது. நமக்கோ கரியாலூர்ப் படகுத்துறை அருகிலேயே உள்ளது.

“நீரில் ஆபத்து உண்டே” எனப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. நீந்தத் தெரியாமல் அருவியிலும் அணையிலும் இறங்கி உயிரிழந்த இளைஞர் பற்றிய செய்திகள் நெஞ்சை உலுக்குகின்றன. ஆயினும் தடை மட்டும் மருந்தாகாது. தடுக்கப்பட்டவன் ஒருவரும் அறியாமல் செல்கின்றான். பயிற்றப்பட்டவனோ ஆழமறிந்து ஒதுங்குகின்றான். முதலில் நீச்சல், பிறகு உயிர்காப்புச் சட்டை, அதன் பின்னரே படகு என்பது நெறியாகட்டும்.

ஆதலால் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, நான்கைந்து கிலோமீட்டர் நடைப்பயணத்தை ஆசிரியர் துணையுடன் நடத்துக. மாணவியர்க்கும் பேராசிரியைகளின் தலைமையில் அவ்வாய்ப்பை அளித்திடுக. காற்றும் வெளியும் ஆடவர்க்கு மட்டும் உரியன அல்ல. மலைவாழ் மக்களைக் காட்சிப் பொருளாக நோக்காது, அவர்களிடம் மரத்தின் பெயரும் பாதையின் போக்கும் கேட்டறிக. நெகிழிக் குப்பையை மலையில் விட்டு வராதிருப்பதும் கல்வியே.

பெரியோர்களே! பிள்ளைகளுக்கு நெடும்பயணச் செலவு தர இயலவில்லையே என வருந்தற்க. ஒரு பகற்பொழுதும் உங்கள் இசைவும் தந்தால் போதும். பிறந்த மண்ணை நடந்து அறிந்தவனே அதனைப் பேணிக் காப்பான்.